புனைந்த காட்சியும் வரலாற்றுச் சான்றும்: கெடா தோட்டப்புறப் புகைப்படங்கள் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதுவோர் அண்மைக் காலமாக எழுத்தாவணங்களோடு பழைய புகைப்படங்களையும் சான்றாகக் கொள்ளத் தொடங்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. தோட்டப்புறத் தமிழர் தம் கைப்பட எழுதி வைத்தவை மிகக் குறைவு. தொழிலாளர் துறை அறிக்கைகளும் தோட்ட நிருவாகக் கணக்குகளும் அவர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே காட்டுகின்றன. அந்நிலையில் முகங்களைக் காட்டும் படமொன்று கிடைத்தால் ஆய்வாளர் மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சியிலேயே கேட்க வேண்டிய வினாக்கள் விடுபட்டுப் போவதும் இயல்பாகிவிட்டது. படத்தை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார், எந்த வேளையில் எடுத்தார், படத்தில் நிற்பவர் தம் விருப்பப்படி நின்றாரா, நிறுத்தப்பட்டாரா என்பன அவ்வினாக்கள். ‘ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பெண்’ என்ற ஒரு வரிக் குறிப்போடு படம் நூலட்டைக்குப் போய்விடுகிறது. இவ்வினாக்களைக் கேட்கத் தவறியோருள் இக்கட்டுரையாளரும் ஒருவர். அது பற்றிக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் கூறப்படும்.

புனைந்த காட்சி என்பது புகைப்படக் கலைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த நோயன்று, கலையோடு உடன்பிறந்தது. 1839இல் தாகேரின் முறை பாரிசில் உலகறிய வெளியிடப்பட்டது. அதே காலத்தில் தாமும் ஒரு முறையைக் கண்டறிந்திருந்த இப்போலித் பயார் என்பார், தமக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை என்னும் மனத்தாங்கலில் 1840இல் தம்மை நீரில் மூழ்கி மாண்ட பிணமாகப் படம்பிடித்து வெளியிட்டார். உயிரோடிருந்தவர் தம் சாவைத் தாமே நடித்துக் காட்டிய படம் அது. புகைப்படம் பிறந்த மறு ஆண்டே இந்நிலை எனின், ‘படம் பொய் சொல்லாது’ என்னும் வழக்கு எங்ஙனம் நிலைபெற்றது என்பது வியப்பிற்குரியது.

இந்திய மண்ணிலும் இதற்குச் சான்றுகள் உள. 1857ஆம் ஆண்டு எழுச்சியின்போது இலக்னோவின் சிக்கந்தர் பாக் மாளிகையில் நடந்த படுகொலைக்குச் சில மாதங்கள் கழித்து, 1858இல் அங்குச் சென்ற பெலீச்சே பியாத்தோ எடுத்த படத்தில் முற்றத்தில் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. காட்சிக்காகவே அவை அவ்வாறு பரப்பப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நமக்கு இன்னும் நெருக்கமானது, சென்னை மாகாணக் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் 1876–78 பெரும்பஞ்சத்தின்போது எடுத்த படத்தொகுதி. எலும்பும் தோலுமாகிப் போனவர்கள் அவற்றில் சிலர் உட்காரவும் சிலர் நிற்கவும் வைக்கப்பட்டு, குடும்பப் படம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளனர். அப்படங்களில் பசி மெய், அடுக்கு புனைவு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ‘புனைந்தது, ஆகவே பொய்’ என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அப்பஞ்சத்தையடுத்த ஆண்டுகளில்தான் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறுவோர் தொகை பெருகலாயிற்று என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

தோட்டத் தமிழரும் காட்சி புனையும் கலைஞரும் நேருக்குநேர் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது இலங்கை. கல்கத்தாவில் 1815இல் பிறந்த சூலியா மார்கரெட் கேமரன், இங்கிலாந்தில் தம் வீட்டுப் பணிப்பெண்களையும் உறவினரையும் மேரி மாதாவாகவும் ஆர்தர் மன்னன் கதைமாந்தராகவும் உடுத்தி நிறுத்திப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், களுத்துறையில் இருந்தபோது தமிழ்த் தொழிலாளர்களைப் படமெடுத்தார். 1877இல் அங்கு வந்து தங்கிய ஓவியர் மரியான் நார்த் தம் நினைவுக் குறிப்பில் இரு செய்திகளைத் தருகிறார். கேமரன் தம்மை நீண்ட ஆடைகளால் போர்த்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னை ஓலைகள் தலையில் குத்த நிற்க வைத்தார் என்பது ஒன்று. தொழிலாளி ஒருவரின் முதுகழகைக் கண்டு வியந்து, தோட்டமே இல்லாத வீட்டிற்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தார் என்பது மற்றொன்று. வெள்ளைக்கார விருந்தாளிக்குத் தாம் என்ன வேடம் பூண்டோம் என்று எழுதி வைக்க இயன்றது. அத்தொழிலாளி தம் முதுகைப் பற்றி என்ன நினைத்தார் என்பது எழுதப்படவில்லை.

உண்மைபோல் தோன்றும் படங்கள்

மலாயாவில் இத்தொழில் சிங்கப்பூரை நடுவாகக் கொண்டு வளர்ந்தது. 1867இல் தொடங்கப்பட்ட ஜி. ஆர். லம்பர்ட் நிறுவனம் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் இப்பகுதியின் நிலக்காட்சிகளையும் ‘மக்கள் வகை’ப் படங்களையும் எடுத்து, ஐரோப்பியப் பயணிகளுக்கு விற்றது. இந்நிறுவனத்தின் பணி குறித்து ஜான் ஃபால்கனர் 1987இல் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படை நூலாக விளங்குகிறது. மேடானில் நிலையம் வைத்திருந்த கிளைன்குரோத்தெ, சுமத்திராத் தோட்டங்களை எடுத்த கையோடு மலாயாத் தீபகற்பத்தையும் படமெடுத்து 1907ஆம் ஆண்டளவில் பெருந்தொகுதியாக வெளியிட்டார். நீரிணைக் குடியேற்றங்களும் கூட்டு மலாய் மாநிலங்களுமே அத்தொகுதியின் எல்லை. கெடா அப்போது சயாமின் மேலாட்சியில் இருந்தது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதே ஆண்டுகளில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட, கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் பீடோங் சுற்றுவட்டத்திலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் தோன்றின. ஆகவே கெடாத் தோட்டங்களைப் படமெடுக்க வந்தோர், பிற மாநிலங்களில் முன்னரே வகுக்கப்பட்டுவிட்ட ஓர் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தனர் எனலாம்.

அவ்விலக்கணம் யாது? பால்மரம் ஒன்று, அதனருகே உளி பிடித்த தமிழ்ப் பெண், சற்றுத் தள்ளி வெள்ளுடையில் துரை அல்லது தலைப்பாகையுடன் கங்காணி, பின்னணியில் நேர்கோட்டில் ஓடும் மரவரிசை. அஞ்சலட்டைகளிலும் கம்பெனி வெளியீடுகளிலும் இக்காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பார்ப்பவர்க்கு அது வேலை நடக்கும்போது எதிர்பாராமல் எடுத்த படம்போல் தோன்றும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் எவரும் சற்று உற்று நோக்கினால், அவ்வாறு இருக்க இயலாது என்பதைக் கண்டுகொள்வர்.

முதலாவது, ஒளி. பால்மரம் வெட்டும் வேலை விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பதோடு தொடங்குவது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் வெட்டியவர்களும் உண்டு. வளர்ந்த மரங்கள் கிளை கோத்து நிற்கும் காட்டில், அவ்வேளையில், அக்காலக் கண்ணாடித் தகடுகளைக் கொண்டு அசையும் கையைத் தெளிவாகப் பதிவு செய்தல் நடவாத செயல். எனவே வெளிச்சம் வந்த பின்னர், வெட்டு முடிந்த மரத்தின்முன், அசையாதே என்று சொல்லி நிறுத்தி எடுத்த படங்களே அவை.

இரண்டாவது, மங்கு. தொழிலாளி மரத்தடிக்கு வந்ததும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, மங்கைத் துடைத்து வைத்து, அதன் பின்னரே பட்டையில் உளியை வைப்பார். வெட்டியபின் பால் சொட்டிச் சேர மணிக்கணக்காகும். முற்பகலில்தான் வாளியோடு திரும்பி வந்து பால் எடுப்பது வழக்கம். இக்கட்டுரையாளர் பார்த்த அஞ்சலட்டை ஒன்றில் உளி பட்டையில் பதிந்திருக்கிறது. மங்கு விளிம்புவரை நிறைந்திருக்கிறது. ஒரு நாளின் இரு வேளைகள் ஒரே நொடியில் வந்து நிற்கின்றன. வாங்குவோர் உழைப்பையும் அதன் பயனையும் ஒருங்கே காண வேண்டும் என்று படமெடுத்தவர் கருதியிருத்தல் கூடும்.

மூன்றாவது, உடை. ரப்பர்ப் பால் துணியில் பட்டால் போகாது. வேலைக்குப் போவோர் கிழிந்த பழஞ்சேலையும் மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையும் அணிந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பால்கறை படிந்த கோலத்தில் செல்வர். அஞ்சலட்டைப் பெண்ணோ திருவிழாச் சேலையில் இருக்கிறாள். மூக்குத்தியும் காதணியும் தெளிவாகத் தெரியும்படி முகம் ஒளியை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது. (அக்காலத் தகடுகள் சிவப்பொளியை ஏற்பதில்லை. ஆதலால் சிவப்புச் சேலை கறுப்பாகவும் நீலச்சேலை வெளுப்பாகவும் தெரியும். கறுப்புச் சேலை கண்டு துக்கம் என்றும் வெள்ளை கண்டு கைம்மை என்றும் பொருள் கொள்வோர் கவனிக்க.)

இவற்றால் அப்படங்களைத் தூக்கியெறிய வேண்டும் என்பது கருத்தன்று. தோட்டம் எவ்வாறு இருந்தது என்பதைவிட, இலண்டனில் பங்கு வாங்குவோர் தோட்டம் எவ்வாறு இருக்கக் காண விரும்பினர் என்பதற்கு அவை நேர்ச்சான்றுகள். சுண்ணாம்படித்த லயங்களும் வரிசையாக நிற்கும் குழந்தைகளும் அந்த நோக்கிலேயே பார்க்கத்தக்கன. இப்படங்களின் குறை அவை புனையப்பட்டதன்று. புனையப்படாததுபோல் பாவனை செய்வதேயாகும். கம்பெனிப் படத்தில் நிற்கும் பெண்ணிடம் அப்படத்தின் ஒரு படி கொடுக்கப்பட்டதாக ஒரு செய்தியையும் இக்கட்டுரையாளர் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

பட்டணத்துப் புகைப்பட நிலையம்

தோட்ட மக்கள் தாமே காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படங்கள் வேறு உலகைச் சார்ந்தவை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையிலோ தீபாவளி, தைப்பூசம் ஒட்டியோ சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் போய்ச் சாமான் வாங்கி, படம் பார்த்து, முடிந்தால் ‘போட்டோ பிடித்து’த் திரும்புவது ஒரு தலைமுறையினரின் வழக்கம். நிலையங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனர். போருக்கு முன் மலாயாப் பட்டணங்களில் ஜப்பானியர் நிலையங்களும் இருந்தன. தமிழ் அறியாத சீனப் படக்காரரும் சீனம் அறியாத தமிழ்க் குடும்பமும் சந்தை மலாயில் பேசி, ஒரு கால்மணி நேரத்தில் ஓர் அரண்மனையைக் கட்டி எழுப்பினர் என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வரண்மனை துணியில் தீட்டப்பட்டது. வளைந்து ஏறும் படிக்கட்டு, தூண், திரைச்சீலை, தொலைவில் ஏரி. முன்னே ஒரு முக்காலி. அதன்மேல் துணிப்பூக்கள் செருகிய குவளை. கோட்டும் கழுத்துப்பட்டையும் கைக்கடிகாரமும் நிலையத்திலேயே இரவலாகக் கிடைக்கும். பத்தாண்டுகளாகக் கெடாவில் வீடு வீடாகச் சென்று பார்த்த படங்களுள், ஒரே கோட்டு நான்கு வெவ்வேறு குடும்பத்து ஆடவர் மேல் இருப்பதை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. இடப்பக்கக் கைப்பையின்மேல் ஒரு கறை. அதை வைத்தே அடையாளம் காணலாயிற்று. அவர்களுள் ஒருவர் மங்கு துடைக்கும் பிள்ளையாக வேலையில் சேர்ந்து மண்டோர் ஆனவர். மற்ற மூவரும் கடைசிவரை பால் வெட்டியவர்கள்.

இது ஏமாற்றா? சேலத்திலும் திருச்சியிலும் வட ஆர்க்காட்டிலும் இருந்த உறவினர்க்குக் கடிதத்தோடு இப்படங்கள் சென்றன. அங்குள்ளோர் அதைக் கண்டு மகன் நன்றாயிருக்கிறான் என்று நம்பினர். சிலர் அதை நம்பிப் பெண் கொடுத்தனர். அவ்வளவில் ஏமாற்று என்பாரும் உளர். ஆயினும் படிக்கட்டின் கீழே துணியின் மடிப்பும் தரையும் பெரும்பாலும் படத்திலேயே தெரிகின்றன. மறைக்கும் முயற்சியே அங்கு இல்லை. எடுத்தவர்க்கும் நின்றவர்க்கும் பெற்றவர்க்கும் அது துணி என்பது தெரியும். கூத்தில் கட்டிய கிரீடம் அட்டை என்று அறிந்தே நாம் அரசனைக் காண்பதைப் போன்றது இது. ஜாவாவின் சீன நிலையங்களை ஆராய்ந்து கேரன் ஸ்டிராஸ்லர் 2010இல் வெளியிட்ட நூலும், நடு இந்தியச் சிறுபட்டணமொன்றின் நிலையங்களைக் குறித்துக் கிறிஸ்தோபர் பின்னி 1997இல் எழுதிய நூலும் இதற்கு நெருங்கிய முடிபுகளைத் தருகின்றன. மக்கள் நிலையத்திற்குச் சென்றது தாம் இருப்பதைப் பதிவு செய்யவன்று; தாம் ஆகக் கூடியதை ஒருமுறை கண்ணால் காணவே என்பது அவற்றின் சாரம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்து சோயி ஹெட்லியும் உடன்பணியாற்றுவோரும், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு நிலையங்களின் பழம்படங்களை மின்வடிவில் சேர்த்துள்ளனர். கெடாப் படங்களை அவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் இனிச் செய்யத்தக்க பணி.

இணைப்புப் படங்கள் தனியே கருதத்தக்கன. பாடாங் செராய் அருகே ஒரு வீட்டில், கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்திருக்கும் படம் ஒன்றைக் கண்டோம். கணவரின் முகத்தில் ஒளி இடமிருந்தும் மனைவியின் முகத்தில் வலமிருந்தும் விழுகிறது. ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாதவர் அவர். முன்னெப்போதோ பலரோடு நின்று எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டியெடுத்து, இல்லாத தோளும் சட்டையும் வரைந்து, 1950களில் மனைவியின் அருகில் உட்கார வைத்திருக்கின்றனர். அவ்விருவரும் சேர்ந்து படமெடுத்துக்கொண்ட நாள் என்று ஒன்று வரலாற்றில் இல்லை. நிகழாத அந்நாளின் படத்திற்குத்தான் ஆண்டுதோறும் திதியன்று மாலை போடப்பட்டது.

அண்மைக் காலக் கலைஞர் சிலர் இம்மரபை அறிந்தே கையாள்கின்றனர். பெங்களூரின் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய படத்தொகுதியில், இரவிவர்மாவின் இலக்குமியாகவும், குடியேற்ற ஆட்சி மானிடவியலார் அளவுக் கட்டங்களின்முன் நிறுத்திய பழங்குடிப் பெண்ணாகவும் தாமே வேடமிட்டு நிற்கிறார். நம் நாட்டின் இ இலான், மலாக்காவின் பக்கார்ட் நிலையம் எடுத்த பழம்படங்களை அடுக்கி 2002இல் ஒரு படைப்பை அமைத்தார். தோட்டப்புறத் தமிழர் படங்களைக் கொண்டு அத்தகையதொரு முயற்சியை மேற்கொள்ள நம் இளங்கலைஞர் முன்வரின் நன்று.

அடையாள அட்டை

1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில், பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலையத்திற்குப் போக வசதியோ துணிவோ இல்லாத பல்லாயிரம் தோட்டப் பெண்களுக்கு அதுவே வாழ்வின் முதற்படம். படிக்கட்டும் பூவும் இல்லாத வெற்றுப் பின்னணி, நேர்நோக்கு, புன்னகை இல்லை. புனைவே இல்லாத படம் என ஒன்று உண்டென்றால் அது இதுவே என்று முதலில் தோன்றும். பின்னாளில் குடியுரிமை உடையோர்க்கு நீலமும் ஏனையோர்க்குச் சிவப்புமாக அட்டைகள் பிரிந்து, 1969க்குப் பின் சிவப்பு அட்டைக்காரர் வேலை அனுமதி இன்றி மரம் வெட்டவும் இயலாதவரானபோது, அச்சிறு படத்தின் கனம் அனைவர்க்கும் விளங்கிற்று.

ஆனால் அப்படத்தின் வாழ்வு அட்டையோடு முடியவில்லை. தாய் இறந்துவிட்டால் வீட்டில் மாட்ட வேறு படம் இராது. மக்கள் அட்டையை எடுத்துக்கொண்டு பட்டணத்து நிலையத்திற்குச் செல்வர். அங்கு அதைப் பெரிதாக்கி, வெற்றுப் பின்னணியை நீலமாக்கி, கசங்கிய இரவிக்கையின்மேல் பட்டுச்சேலை வரைந்து, நெற்றியில் பொட்டும் கழுத்தில் நகையும் தூரிகையால் பூட்டிக் கொடுப்பர். அரசு தன் தேவைக்காக எடுத்த முகம் இவ்வாறு மகளின் தேவைக்கேற்ற தாயாக மாறிக் கூடத்தில் தொங்கியது.

இக்கட்டுரையாளர் தவறியது இவ்விடத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன் கருத்தரங்கு ஒன்றில், 1950களில் கெடாத் தோட்டப் பெண்கள் தம் சேமிப்பைத் தங்கமாக வைத்திருந்தனர் என்னும் கருத்தை நிறுவ, பீடோங் பகுதி வீடொன்றில் கிடைத்த படத்தைத் திரையில் காட்டி, அதிலிருந்த அட்டிகையையும் இரட்டைவடச் சங்கிலியையும் சான்றாகக் கூறினோம். அவையில் எவரும் ஐயுறவில்லை. கட்டுரை அச்சுக்குப் போகுமுன் படத்தைத் திருப்பிக் கொடுக்க அவ்வீட்டிற்குச் சென்றபோது, படத்திலிருந்தவரின் மகள் அடையாள அட்டையையும் எடுத்துக் காட்டினார். அதே முகம், அதே சாய்வு, அதே கலைந்த வகிடு. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது. நகைகள் 1970களில் வரையப்பட்டவை. வரைந்தவருக்கு எந்த நகை எங்கே வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அம்மகளே. தாயாரின் சங்கிலி ஒன்று உண்மையிலேயே இருந்ததாம். மகனின் படிப்புக்காக அடகுக் கடைக்குப் போய் மீளவில்லையாம். அட்டிகை எக்காலத்தும் இருந்ததில்லை.

அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன்பின், நம் மாணவர் களப்பணியில் படங்களைப் பதிவு செய்யும்போது, முகப்பை மட்டுமன்றிப் பின்புறத்தையும் படியெடுத்தல், நிலைய முத்திரையைக் குறித்தல், மேற்பூச்சு உள்ளதா எனச் சாய்ந்த ஒளியில் நோக்குதல், அடையாள அட்டை இருப்பின் அதனோடு வைத்து ஒப்பிடுதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியுள்ளோம். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறி, மக்கள் பட்டணத்துக் குறைந்தவிலை வீடுகளுக்குக் குடிபெயரும்போது முதலில் குப்பைக்குப் போவன இப்படங்களே, நிலையங்களும் மூடப்பட்டுவிட்டன. ஆகவே இப்பணி விரைந்து செய்யத்தக்கது.

பீடோங் படத்திற்கான பதிவுத் தாளை நிரப்புகையில், நகைகளைப் பற்றி என்ன எழுதுவது என்று அம்மகளிடமே கேட்டோம். “சங்கிலி இருந்துச்சுன்னு எழுதுங்க டீச்சர். அட்டிகை நான் போட்டதுன்னு எழுதுங்க” என்றார். அவ்வாறே எழுதப்பட்டது.